தலைமாட்டில் ஒரு நீலச் சட்டை

பெரியப்பாவின் சவப்பெட்டிக்குப் பின்னால் நின்றவர்கள் நான்கு பேர்: பெரியம்மா, அவருடைய மகளான அக்கா, அக்காவின் கணவரான அத்தான், என் அம்மா. கேமராவுக்குப் பின்னால் நான். இல்லாதவர் அண்ணன் ஒருவர்தான். பெரியப்பாவின் ஒரே மகன். அவர் வேலை செய்த சரக்குக் கப்பல் அன்று நடுக்கடலில் இருந்தது. அடுத்த துறைமுகம் வர இன்னும் பல நாள். அதுவரை அடக்கத்தைத் தள்ளிப்போட முடியாது.

எங்கள் குடும்பங்களில் பெட்டியை மூடுவதற்கு முன்னால் எல்லாரும் அதைச் சுற்றி நின்று ஒரு படம் எடுத்துக்கொள்வது வழக்கம். கிள்ளானில் உள்ள பெரியம்மா வீட்டு அலமாரியில் அப்படிப்பட்ட படங்கள் ஒரு பிஸ்கட் டின் நிறைய இருக்கின்றன. ரயில்வே குவார்ட்டர்ஸில் எடுத்தவை, கறுப்பு வெள்ளை, ஓரம் சுருண்டவை. அவற்றில் மூத்த மகன் எப்போதும் தலைமாட்டில் நிற்பான். வர முடியாதவனுக்கு இடம் விட்டுத்தான் நிற்பார்கள். பிறகு ஸ்டூடியோக்காரர் அவனுடைய பாஸ்போர்ட் படத்திலிருந்து தலையை வெட்டி அந்த இடத்தில் ஒட்டிக் கொடுப்பார். சிறுவயதில் அந்தப் படங்களைப் பார்த்தால், ஒட்டிய முகங்கள் மட்டும் எதிலும் சேராமல், எங்கேயோ பார்த்துக்கொண்டு நிற்பதாகத் தோன்றும்.

இந்தமுறை ஒட்டவேண்டியது என் பொறுப்பு. நான்தான் குடும்பத்தில் முதலில் பல்கலைக்கழகம் போனவன். பிரிக்பீல்ட்ஸில் ஓர் அலுவலகத்தில் வேலை. அதைவிட முக்கியமாக, என்னிடம் புதிதாக ஒரு ஃபுல் பிரேம் கேமரா இருந்தது. அடுத்த மாடல் வந்ததால் விலை இறங்கிய பழைய மாடல். செராஸில் ஒரு கடையில், கண்ணாடிப் பெட்டிக்குள் பல மாதம் உட்கார்ந்திருந்ததை வாங்கினேன். சுண்டுவிரல் தொங்கும் அளவுக்குக் கைப்பிடி சின்னது. பேட்டரி ஒரு ஞானஸ்நானப் பூசை முடிவதற்குள் காலியாகிவிடும். கார்டு போட ஒரே ஓர் ஓட்டைதான். ஆனால் உள்ளே இருக்கும் சென்சார் பழைய பிலிம் அளவுக்குப் பெரியது. மெழுகுவத்தி வெளிச்சமே அதற்குப் போதும். படத்தைப் பெரிதாக்கினால் கண் இமையை ஒவ்வொன்றாக எண்ணலாம். அதற்காகத்தான் அதை வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலில் படம் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

ஹாலில் எல்லாரும் வரிசையாக நின்றார்கள். தலைமாட்டில் அண்ணனுக்கான இடம் காலியாக இருந்தது.

"எவ்ளோ இடம் விடணும்னு தெரியலயே," என்றார் அத்தான். "மச்சான் இப்ப குண்டாயிட்டாரா, அதே சைஸா?"

"இருங்க," என்று சொல்லிவிட்டு அக்கா உள்ளே போனார். ஹேங்கரில் மாட்டிய ஒரு நீலச் சட்டையோடு வந்தார். அண்ணன் கிறிஸ்மஸுக்குப் போட்டது. கப்பலுக்குப் போகும்போது அலமாரியில் விட்டுப்போனது. தலைமாட்டில் ஓடாமல் நின்றுகொண்டிருந்த ஸ்டாண்ட் ஃபேனின் கழுத்தில் அதை மாட்டினார். "இந்தா, ஒடம்பு ரெடி. நீ தலைய மட்டும் ஒட்டுடா தம்பி."

"ஃபேனுக்குச் சட்ட போட்ட குடும்பம் நம்மதான் லா," என்றார் அத்தான். பெரியம்மாவுக்குக்கூடச் சிரிப்பு வந்தது. உடனே முந்தானையால் கண்ணை அழுத்திக்கொண்டு பெட்டியை விட்டு ஓர் அடி பின்னால் நகர்ந்தார். கண்ணீர் இறந்தவர் மேல் விழக்கூடாது என்பதில் காலையிலிருந்தே கவனமாக இருந்தார். உயிரோடு இருப்பவர்களின் எதுவும் பெட்டிக்குள் போகக்கூடாது. கண்ணீர், முடி, கைக்குட்டை, எதுவுமே. போனால் அதன் சொந்தக்காரரும் பின்னாலேயே போய்விடுவார் என்பார்.

கேமராவைத் தூக்கினேன். இதில் முகம் தெரிந்தால் திரையில் ஒரு சின்னச் சதுரம் வந்து அதன்மேல் உட்காரும். கண்ணைப் பிடித்துவிட்டால் சதுரம் சுருங்கிக் கண்ணின்மேல் நிற்கும். ஐந்து முகங்கள் இருந்தன, பெரியப்பாவினுடையதையும் சேர்த்து. சதுரம் எதிலும் நிற்கவில்லை. நேராகத் தலைமாட்டுக்குப் போய், நீலக் காலருக்கு மேலே இருந்த வட்டமான கம்பிக்கூட்டில் உட்கார்ந்தது.

ஃபேன் உருண்டையாக இருக்கிறது, முகம் என்று நினைத்துவிட்டது. அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். குழிப் பணியாரத்தையும் மின்சார பிளக்கையும்கூட முகம் என்று பிடித்த கேமராதான் இது. விரலால் சதுரத்தைப் பெரியம்மாவிடம் இழுத்தேன். கையை எடுத்ததும் திரும்பிப் போனது. மறுபடியும் இழுத்தேன். மறுபடியும் போனது. இந்தமுறை அது சுருங்கியது. கம்பிகளுக்கு நடுவே ஓர் இடத்தில், ஒரு கண்ணின் அளவுக்கு.

"என்னடா, எவ்ளோ நேரம்?" என்றார் அம்மா.

முகம் பிடிக்கும் வசதியை அணைத்துவிட்டு எடுத்தேன். எல்லாம் நன்றாக விழுந்தன.

பிறகு ஃபாதர் ஜெபம் சொன்னார். எல்லாரும் வரிசையாக வந்து நெற்றியில் முத்தம் கொடுத்தார்கள். பெரியம்மா பெரியப்பாவின் கண்ணாடியையும் அவருக்குப் பிடித்த கைலியையும் காலடியில் வைத்தார். பெட்டிக்காரர், "போதுமா மா? மூடலாமா?" என்று கேட்டபோது, கால்மாட்டிலிருந்து கடைசியாக ஒரு படம் எடுத்தேன். மூடியைப் போட்டார்கள். அதற்குள் சதுரம் என் நினைவை விட்டுப் போயிருந்தது.

ஏழாம் நாள் பூசை முடிந்து மதியம் பெரியம்மா வீட்டுக்கு வந்தோம். அதே நான்கு பேரும் நானும். எந்தப் படத்தில் அண்ணனின் தலையை ஒட்டுவது என்று அக்கா முடிவு செய்ய வேண்டும். லேப்டாப்பை டிவியில் மாட்டினேன். ஜன்னல் திறந்திருந்தது, வெளியே ரொட்டிக்காரரின் மோட்டார் சைக்கிள் ஹார்ன் கேட்டது. சாதாரணமான மதியம்தான்.

கடைசிப் படம் வந்ததும் பெரியம்மா, "நிப்பாட்டு," என்றார். "அவரு கைய காட்டுப்பா. பெருசா காட்டு."

ரயில்வே பட்டறையில் நசுங்கி நகம் போன கட்டைவிரல். அதை அவர் பார்க்க விரும்பினார். நான் பெரிதாக்கினேன். கோர்த்த விரல்கள், ஜெபமாலை, மணிகளின் ஓட்டைகூடத் தெரிந்தது. விரல்களுக்குக் கீழே நீலமாக ஏதோ இருந்தது.

"அது என்னா?" என்றார் அத்தான்.

இன்னும் பெரிதாக்கினேன். ஒரு சட்டைக் கையின் நுனி. அதில் ஒரு பட்டன். நீலச் சட்டைக்கு வெள்ளை நூலால் தைத்த பட்டன். நூல் குறுக்கும் நெடுக்குமாக ஓடுவது தெளிவாகத் தெரிந்தது. போனில் எடுத்திருந்தால் அந்த இடம் வெறும் கறையாகத்தான் தெரிந்திருக்கும்.

"நான் தச்ச பட்டன்," என்றார் பெரியம்மா. குரலில் ஆச்சரியம் மட்டும்தான் இருந்தது, அந்த நொடியில். "நீல நூலு இல்லன்னு வெள்ளையில தச்சேன். கிறிஸ்மஸ் அன்னிக்குக் காலைல."

படத்தில் தலைமாட்டுப் பக்கம் நகர்த்தினேன். ஃபேன் வெறுமையாக நின்றது.

அக்கா எழுந்து அண்ணனின் அறைக்குப் போனார். அலமாரி திறக்கும் சத்தம். மூடும் சத்தம். வெறுங்கையோடு வந்தார்.

"யாரு வெச்சது?" என்று பெரியம்மா ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். அக்கா தலையை ஆட்டினார். அம்மா, "நான் பெட்டி பக்கமே போகலக்கா, முத்தம் குடுத்தது தவிர," என்றார். அத்தான், "எனக்கு என்னா பைத்தியமா?" என்றார். பெட்டிக்காரருக்குப் போன் போட்டார்கள். ஸ்பீக்கரில் அவர் குரல்: "நாங்க மூடி மட்டும்தான் போடுவோம் லா அக்கா. உள்ள சாமான் வெக்கிறது ஃபேமிலி மட்டும்தான். இருபது வருசமா அப்படித்தான்."

"கூட்டத்துல யாரோ ஒருத்தர், பெரியப்பா சட்டைன்னு நெனச்சி வெச்சிருப்பாங்க," என்றேன்.

"வெச்சா காலுகிட்ட வெப்பாங்க. கைலிகூட வெப்பாங்க," என்றார் பெரியம்மா. டிவியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "நீ படிச்சவன். நல்லா பாத்துச் சொல்லு. அது அவரு கை மேல இருக்கா, கீழ இருக்கா?"

கீழே இருந்தது. ஜெபமாலையைக் கோர்த்தது நான் பார்க்க, காலையில், சட்டை அலமாரியில் இருந்தபோதே. பெட்டிக்காரர் விரல்களை ஒன்றோடொன்று பூட்டியிருந்தார். இறந்தவரின் விரல்களைப் பிறகு பிரிப்பது சுலபமில்லை. லேப்டாப்பை மூடினேன். டிவி நீலமாகி, சிக்னல் இல்லை என்றது.

"அவரு புள்ளைய கேக்குறாரு," என்றார் பெரியம்மா.

அன்றிலிருந்து அந்த வீட்டில் ஒரே பேச்சுதான். அண்ணனைக் கப்பலிலிருந்து இறக்க வேண்டும். அத்தான், ஒப்பந்தம் முடிய ஐந்து மாதம் இருக்கிறது, இடையில் இறங்கினால் செலவெல்லாம் நம் தலையில் என்று எடுத்துச் சொன்னார். ஃபாதர் வீட்டுக்கு வந்து தீர்த்தம் தெளித்து, பயப்படாதீர்கள் என்றார். கல்லறையைத் திறக்க முடியுமா என்று பெரியம்மா அவரிடம் கேட்டார். அவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

அப்பா இறந்த செய்தி முன்பே கிடைத்திருந்த அண்ணன், கப்பல் துறைமுகம் வந்ததும் அழைத்தார். போனைச் சுற்றி உட்கார்ந்தோம். பெரியம்மா அழாமல், மெதுவாக, ஒன்று விடாமல் சொன்னார். அந்தப் பக்கம் இரைச்சல், இயந்திரத்தின் முனகல். பிறகு அண்ணனின் சிரிப்பு.

"ஐயோ மா! ஒரு சட்டைக்கா? பழசுதானே. அப்பாவே வெச்சிக்கட்டும். எனக்கு வேணாம்."

பெரியம்மா போனைத் தள்ளி வைத்துவிட்டு எங்களிடம், அண்ணனுக்குக் கேட்காத மாதிரி சொன்னார்: "குடுத்துட்டான். அவரு கேட்டாரு, இவன் வாயால குடுத்துட்டான்."

எனக்கு இதில் நம்பிக்கை இல்லை என்று இன்றும் எழுதத்தான் ஆசை. ஆனால் அன்று மாலை கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயிலில் திரும்பும்போது கேமராவை எடுத்து, முகம் பிடிக்கும் வசதியை மறுபடி போட்டேன். ரயில் பெட்டியில் என்னைத் தவிர யாருமில்லை. எதிரே காலி இருக்கைகள். திரையைப் பார்க்கத் தைரியமில்லாமல் பையில் போட்டுக்கொண்டேன். மறுநாள் காலை பிரிக்பீல்ட்ஸில் வேலைக்கு நடந்தபோது, பூக்கடைகளின் கூட்டத்துக்கு நடுவே, என்னிடம் யாராவது ஏதாவது கேட்டால் சும்மாவேனும் 'வெச்சிக்கோங்க' என்று சொல்லிவிடக் கூடாது என்று வாயை இறுக்கிக்கொண்டிருந்ததைக் கவனித்தேன்.

அண்ணனைக் கப்பல் வேலைக்கு அனுப்பிய ஏஜென்சிக்கு நானும் அத்தானும் போனோம். அங்கிருந்த பெண் பொறுமையாக விளக்கினார். சொந்த விருப்பத்தில் இடையில் இறங்குபவர் தன் டிக்கெட்டைத் தானே போட வேண்டும். அவருக்குப் பதிலாக ஏறுபவரின் டிக்கெட்டும் அவருடையதுதான். இடம் காலியாக இருக்கக் கூடாது.

"காரணம் என்னான்னு போடட்டும் அண்ணே?" என்று கேட்டார்.

அத்தான் என்னைப் பார்த்தார். "குடும்பக் காரணம்," என்றேன்.

அண்ணன் வந்து இறங்கினார். கோபத்தோடுதான் வந்தார். ஆனால் தாடையும் வயிறும் பெருத்து, நன்றாகத்தான் இருந்தார். விமான நிலையத்தில் பெரியம்மா அவருடைய கைகளையும் தோள்களையும் தடவிப் பார்த்தார், எடை போடுவதுபோல. என்னிடம் கேமராவைக் கொண்டுவர வேண்டாம் என்று முன்பே சொல்லியிருந்தார். கல்லறைக்கு அண்ணனை இன்றுவரை விடவில்லை. அவர் இப்போது தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். கப்பலில் கிடைத்ததில் பாதிகூடச் சம்பளம் இல்லை.

அந்தக் கப்பலுக்கு ஒன்றும் ஆனதாகச் செய்தி இல்லை. ஆனதா என்று தேடியும் பார்த்தேன்.

ஒருநாள் சாப்பாட்டின்போது பெரியம்மா, "ஒனக்குப் பதிலா ஏறுனானே, அந்தப் பையன் யாரு?" என்று அண்ணனிடம் கேட்டார்.

"யாருக்குமா தெரியும்? நான் எறங்குறப்ப அவன் படியில ஏறிட்டிருந்தான். சின்னப் பையன். என்னைப் பாத்துக் கை காட்டுனான்."

பெரியம்மா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், சாப்பிடவில்லை. "அவனுக்கும் ஒரு ஆத்தா இருப்பா இல்ல," என்றார். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் அவர் கோயிலில் இரண்டு மெழுகுவத்தி ஏற்றுகிறார். ஒன்று பெரியப்பாவுக்கு. இன்னொன்று யாருக்கென்று நாங்கள் கேட்பதில்லை.

இறங்கியவரின் டிக்கெட், ஏறியவரின் டிக்கெட், ஏஜென்சிக் கட்டணம் எல்லாம் சேர்த்து பெரியம்மா வீட்டுக்கு ஆன செலவு பன்னிரண்டாயிரத்து எழுநூறு ரிங்கிட்.