பொழிமுகத்தில் ஐந்து தடிகள்

காலை ஆறரைக்கு ஆரல்வாய்மொழியில் பேருந்து ஏறினேன். முந்தின நாள் சாயங்காலம் மீனவர் ததேயு தொலைபேசியில் சொன்னது ராத்திரி முழுக்கத் தூங்கவிடவில்லை: "அக்கா, ஒங்க தடிய நாளைக்கு எடுக்கப்போறோம். வாரதா இருந்தா வாங்க."

தடி என்று அவர் சொன்னது என் சிற்பத்தை. தேங்காய்ப்பட்டணத்தில் ஆறு கடலில் சேரும் பொழிமுகத்தில், வள்ளங்கள் கவிழ்ந்த மணல்திட்டின் ஓரமாக ஐந்து தென்னந்தடிகளை நட்டு, ஒவ்வொன்றின் உச்சியிலும் கவிழ்ந்த வள்ளம் ஒன்றின் உடைந்த பலகையைப் பொருத்தியிருந்தேன். முதல் பலகை ததேயுவின் தம்பி வள்ளத்தினுடையது. தம்பி கரை சேரவில்லை. இங்கே ஆட்கள் சாகிறார்கள் என்று பார்க்கிறவர்களுக்கெல்லாம் தெரியவேண்டும், அவ்வளவுதான் நோக்கம். அதைப் பார்க்க வியாழக்கிழமை ஒரு வெளிநாட்டுக் கண்காட்சியின் தேர்வுக் குழு வருவதாக இருந்தது. குளம், குவாரி, ஆற்றுமணல் என்று இருபது வருடமாக ஊர் ஊராகச் சிற்பம் வைத்து, படம் எடுத்து, அடுத்த ஊருக்கு ஓடியவள் நான். இப்படி ஓர் அழைப்பு வந்ததே இல்லை. அன்று திங்கள். மூன்று நாள் பொறுக்கச் சொல்லத்தான் இந்தப் பயணம்.

நாகர்கோவிலில் அடுத்த பேருந்துக்கு முக்கால் மணி நேரம் காத்திருப்பு. பதினைந்து ரூபாய் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன். தக்கலையில் கூட்டம், கருங்கல்லில் நெரிசல். பெண்களுக்குக் கட்டணம் கிடையாது என்பதால், சில்லறைக்காக நடத்துநரிடம் சண்டை பிடித்து ஆற்றாமையைத் தீர்த்துக்கொள்ளவும் வழியில்லை.

ஒன்பதரைக்குத் தேங்காய்ப்பட்டணம். துறைமுகத்துக்கு ஆட்டோ எழுபது ரூபாய்.

"தடி எடுக்கது பாக்கவா?" என்றார் ஓட்டுநர். "நல்ல காரியம். எந்தப் பைத்தியமோ நட்டு வச்சிருக்கு."

"அந்தப் பைத்தியம் நான்தான்."

கண்ணாடியில் ஒரு தடவை பார்த்தவர் வண்டியை வேகமாக ஓட்டினார்.

ததேயு தோளில் கயிற்றுச் சுருளோடு நின்றார். பக்கத்தில் நெற்றியில் கட்டுப்போட்ட ஒருவர். நான் எடுத்த எடுப்பிலேயே சண்டைக்குப் போனேன்.

"மூணு நாள் பொறுக்கக்கூடாதா? வியாழக்கிழம கழிஞ்சா நானே வந்து எடுத்துட்டுப் போறேன்."

ததேயு கட்டுப்போட்டவரை முன்னால் தள்ளினார். பெயர் அஜீஷ். துபாயில் வேலை போய்த் திரும்பி வந்து, அந்த மாதம்தான் வள்ளம் ஏறியவர்.

"தடிக்கு வடக்க வந்தா பயப்படாண்டாம்னு எல்லாரும் சொன்னாவ அக்கா. அப்டியே வந்தேன். மணல்ல முட்டி மறிஞ்சுபோச்சு."

வள்ளத்தில் இருந்த நாலு பேரும் நீந்திக் கரையேறியது அதிர்ஷ்டம்.

அப்போதுதான் விஷயம் மண்டையில் ஏறியது. வள்ளக்காரர்கள் என் சிற்பத்தை வழி அடையாளமாக வைத்துக்கொண்டிருக்கிறார்கள். இந்த மழைக்காலத்தில் மணல் வடக்கே நகர்ந்துவிட்டது. தடி மட்டும் நகரவில்லை. கடலையே எதிர்த்து அசையாமல் நிற்கிறது என்று ஊரெல்லாம் பெருமை பேசியிருந்தேன்.

"நாளைக்கு இன்னொரு வள்ளம் மறிஞ்சா, அதுக்கு எந்தப் பலகைய வைப்பிய?" என்றார் ததேயு. குரலில் கோபமே இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"எடுங்க," என்றேன்.

நானும் வள்ளத்தில் போனேன். தடியில் கயிறு கட்டி, வள்ளத்தை இப்படியும் அப்படியும் ஓட்டி ஆட்டினார்கள். மதியத்துக்குள் ஐந்தும் வந்துவிட்டன. நான்கு பலகைகளை வள்ளத்தின் அடியில் போட்ட ததேயு, முதல் பலகையை மடியில் வைத்துக்கொண்டார். எனக்கு அழுகை வந்தது. அவர் தம்பிக்காகவா, என் வியாழக்கிழமைக்காகவா என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

கரைக்கு வந்ததும், "அத நீங்களே வச்சுக்கோங்க," என்றேன்.

"எனக்கு எதுக்கு? மணல் ஒரு எடத்துல உறைச்சு நிக்கட்டும், வடக்க கொண்டு நடணும். ஒவ்வொரு வருசமும் மழை கழிஞ்சா மாத்தணும். எப்ப வருவிய?"

இருபது வருடத்தில் எத்தனையோ ஊர்களில் என் சிற்பத்தைப் புகழ்ந்தார்கள், சில ஊர்களில் பிடுங்கியும் எறிந்தார்கள். திரும்ப எப்போது வருவாய் என்று ஒருவரும் கேட்டதில்லை. நானும் எந்த ஊருக்கும் திரும்பிப் போனதில்லை.

பேருந்து வருவதற்குள் குழுவுக்குச் செய்தி அனுப்பினேன்: வியாழக்கிழமை வரவேண்டாம், பார்க்க ஒன்றுமில்லை. ததேயுவிடம் அடுத்த மாதம் என்று சொல்லியிருக்கிறேன்.