கோரைக்கிழங்கு பொறுக்கிய பத்து சென்ட்

இந்த ஊரில் பிடுங்கிப் போட்ட புல் சாகாது. விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல்காட்டு ஆட்களிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். அங்கே சித்திரையில் உழுது புரட்டிவிட்டால் போதும், அருகும் கோரையும் வேர் மேலே கிடந்து நாலே நாளில் சுக்காகிவிடும். கேரளத்து மலையில் உடும்பஞ்சோலைக்கு ஏலத்தோட்ட வேலைக்கு வந்து பத்தொன்பது வருடமாகியும் இந்த விஷயத்தில் என் புத்தி மலையேறி வரவில்லை என்பது போன வருடம்தான் தெரிந்தது.

நாங்கள் குடியிருக்கும் வாடகை வீட்டுக்குப் பின்னால் பத்து சென்ட் இடம் புல் மண்டிக் கிடந்தது. காய்கறி போட்டுக்கொள்ளட்டுமா என்று வீட்டுக்குச் சொந்தக்காரரான பேபிச்சன் முதலாளியிடம் கேட்டேன். "அதினென்ன, பாக்கியம்? புல்லெல்லாம் எடுத்திட்டு என்ன வேணும்னாலும் நட்டோ" என்றார் அவருடைய மலையாளத் தமிழில். அடுத்தவர் ஏலத்துக்கே களையெடுத்துப் பழகிய எனக்கு, எனக்கென்று பத்துப் பாத்தி. ஊர்ப்பக்கத்துக் கத்தரியும் சம்பா மிளகாயும் மனசுக்குள் அன்றைக்கே காய்த்துவிட்டன.

ஐப்பசியில் மழை ஒரு வாரம் விட்டதும் கொத்திப் புரட்டி, பழக்கதோஷத்தில் வேர்களை மண்மேலேயே காயப்போட்டேன். எங்கே காய? விடிந்தால் பனி, மதியம் சாரல். ஐந்தாம் நாள் எல்லாம் வெள்ளை முளைவிட்டு மறுபடி மண்ணைப் பிடித்திருந்தன. வேலிக்கு அந்தப்பக்கம் நின்ற முதலாளி சிரித்தார். "நிங்கள் தமிழருக்குக் கிருஷி அறியில்லா, அல்லே?" எனக்கு உச்சந்தலை வரை எரிந்தது. அவர் ஏலத்தோட்டத்தில் செடி நட்டது, கவாத்து எடுத்தது, காய் பறித்தது எல்லாம் கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் ஜீப்பில் நெருக்கியடித்து வருகிற எங்கள் பெண்கள்தான். எங்களுக்கா விவசாயம் தெரியாது?

அந்தக் கோபத்தில்தான் தையில் மறுபடி இறங்கினேன். கோரைக்கு மம்பட்டி ஆகாது. வெட்டினால் ஒன்று பத்தாகும். ஒரு கிழங்கு, அதிலிருந்து நூல் மாதிரி ஒரு வேர், அதன் முனையில் அடுத்த கிழங்கு. நூல் அறுந்தால் அடியில் இருப்பது தங்கிவிடும். கடப்பாரையால் மண்ணை நெம்பி, விரலால் உதிர்த்து, வேலை விட்டு வந்து பொழுது சாயும்வரை சாண் சாணாக நகர்ந்தேன். நகக்கண்ணெல்லாம் பிய்ந்துபோனது. என் வீட்டுக்காரர் மாரியப்பன் பார்த்துவிட்டு, "ஏட்டி, சொந்த நெலம் மாதிரில்லா கெடந்து மாரடிக்க. எத்தன வருசத்துக்குன்னு கேட்டியா?" என்றார்.

"நட்டுக்கோன்னு சொன்ன மனுசங்கிட்ட அத வேற கேக்கணுமாக்கும்? கேட்டா நம்பாத மாதிரி ஆயிராதா?"

எங்கள் பக்கத்தில் அப்படித்தான். தரிசைத் திருத்தச் சொன்னால், திருத்தினவர்கள் ஒரு வெள்ளாமையாவது எடுக்காமல் நிலத்துக்காரர் அதில் கால் வைக்கமாட்டார். இதை யாரும் வாய்விட்டுச் சொல்லிக்கொள்வதில்லை. இங்கேயும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தது என் மடத்தனம்.

மாசிக் கடைசியில் பத்துப் பாத்தியும் எழுந்தன. மறுநாளே முதலாளி இரண்டு பேரோடு வந்தார். ஒரு பிடி மண்ணை அள்ளிப் பிசைந்து, "கொள்ளாமே! ஒரு வேர் இல்ல" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அந்தப் பெருமை முகத்தில் இருக்கும்போதே சொன்னார்: "இவிடே ஏல நாத்துக்குத் தவாரணை போடாம். பாக்கியம் அங்ஙோட்டு நட்டோ." நான் எழுப்பிய பாத்தியில் அவருக்கு ஏல நாற்றங்கால்; எனக்கென்று கை காட்டிய இடம் ரோட்டோரச் சரிவு. அங்கே இடுப்பளவு புல்.

"முதலாளி, நா ரெண்டு மாசமா பொறுக்கி எடுத்த மண்ணுல்லா?"

"இடம் என்டேயல்லே?"

"எடம் ஒங்களதுதான். வேலை என்னோடது."

அவர் நிஜமாகவே முழித்தார். "வேலை வேணுமெங்கில் நாளை முதல் வந்தோ. கூலி தராம்." கூலி கொடுக்கிறேன் என்கிறார்; இதில் என்ன தப்பு என்று அந்த மனுஷனுக்குத் தெரியவே இல்லை. ஏமாற்றுகிறவன் என்றால் திட்டிவிட்டாவது வந்திருப்பேன்.

ஆத்திரத்தில் ஊரில் இருக்கும் தம்பிக்குப் போன் போட்டேன். தம்பி நிலத்தை ஒட்டி என் பங்கு சீமைக்கருவேலம் அடைந்து கிடக்கிறது. நானே வந்து வேரோடு தோண்டித் திருத்தட்டுமா என்றேன். "நீ எதுக்குக்கா வந்து கஷ்டப்படுத? நீங்கதான் மலையாளத்துக்காரங்க ஆயிட்டீகளே. நா பாத்துக்கிடுதேன்" என்றான். முதலாளி பேச்சுக்கும் இவன் பேச்சுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. போனை வைத்துவிட்டேன்.

பின்பக்கமே பார்ப்பதில்லை என்று சபதம். அதுவும் வைகாசி வரைதான். நாற்றுக்கு நடுவே எங்கோ தப்பிய கோரை தலைநீட்ட, வேலையாட்கள் மம்பட்டியால் வெட்டுகிற சத்தம் கேட்டது. வெட்டட்டும், பெருகட்டும், தவாரணை நாசமாகட்டும் என்று நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்க வேண்டும். "ஏய், வெட்டாதீங்க! நெம்பி எடுங்க!" என்று கத்திக்கொண்டே வேலி தாண்டிப் போய், அந்தப் பாத்தியில் குத்துக்கால் வைத்து உட்கார்ந்திருந்தேன். விரல் பாட்டுக்கு நூலைப் பிடித்துக்கொண்டு கீழே போனது.

மம்பட்டியோடு நின்றவர் ஜார்க்கண்டிலிருந்து வந்தவர், என் வயது இருக்கும். அரைகுறை மலையாளத்தில், "சேச்சி, இது நிங்கடே ஸ்தலமாணோ?" என்று கேட்டார்.

என் இடம் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "இழுக்காதீங்க, அடியில இன்னொண்ணு கெடக்கு" என்று மட்டும் சொன்னேன்.