முன்சீட்டு

இதைக் கதை என்று நினைப்பவர்கள் திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் வந்து என்னை நேரில் கேட்கலாம். மெக்கானிக் வீட்டு அம்சம் என்றால் தெரியாதவர்கள் கிடையாது. நடந்ததில் ஒரு வார்த்தைகூட நான் கூட்டிச் சொல்லவில்லை.

நில உச்சவரம்புச் சட்டம் வந்து, கூலிச் சண்டை, கொடி, போலீஸ் வேன் என்று ஊர் கொதித்துக் கிடந்த காலம். மிராசுதார் வீட்டைப் பூட்டிக்கொண்டு சென்னைக்குப் போய்விட்டார். அவருடைய கறுப்புக் கார் வைக்கோல் போருக்குப் பின்னால் கோழி அடைந்து கிடந்தது. தஞ்சாவூரில் லாரி மெக்கானிக்காக இருந்த என் வீட்டுக்காரர் இளையபெருமாள் அதைப் பழைய இரும்பு விலைக்கு வாங்கி, மாடு கட்டி இழுத்து வந்தார். ஒரு காலத்தில் அந்தக் காரைக் கண்டதும் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு ஒதுங்கி நின்றவர் என் மாமனார்.

"இத நான் ஓட்டணும் அம்சம்" என்றார் என் வீட்டுக்காரர். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

கொஞ்ச நாளைக்கு.

வீட்டை ஒட்டி ஒரு கீற்றுக் கொட்டகை போட்டார். வேலை விட்டு வந்தால் நேரே அங்கேதான். உப்புத்தாள் போட்டுத் துருவைத் தேய்ப்பார். இஞ்சினைப் பிரித்துச் சாக்கில் பரப்புவார். உள்ளே சோறு ஆறிக் கிடக்கும். என் பழைய பட்டு ரவிக்கையை எடுத்துக் காரைத் துடைத்தார். மெத்தென்று இருக்கிறதாம். துடைத்த இடத்தைப் புறங்கையால் தடவிப் பார்ப்பார். என் கன்னத்தை அவர் ஒருநாளும் அப்படித் தொட்டதில்லை. இரும்பைப் பார்த்துப் பொறாமைப்படுகிறவள் உண்டா என்று கேட்பீர்கள். எனக்கு வயிறு எரிந்தது.

பிறகுதான் சின்னச் சின்னதாய் ஆரம்பித்தது.

ஒரு காலையில் கொட்டகையைக் கூட்டப் போனேன். முன்சீட்டுப் பக்கத்துக் கண்ணாடியில் ஓர் உள்ளங்கை பதிந்திருந்தது. சின்னக் கை. பெண்ணின் கை. என் கையை அதன்மேல் வைத்துப் பார்த்தேன். என்னுடையது பெரிது. முந்தானையால் துடைத்தேன். போகவில்லை.

அது உள்பக்கம் பதிந்திருந்தது...

சாயங்காலம் அவர் வந்ததும் கேட்டேன். "கார்ல யார ஏத்துனீங்க?"

சிரித்தார். "கழட்டுன சக்கரத்தையே இன்னும் மாட்டல."

அந்தச் சிரிப்பு எனக்குப் பொய்யாகப் பட்டது. அன்றிலிருந்து அடுப்படியில் நின்றபடி காதைக் கொட்டகைப் பக்கமே வைத்திருந்தேன். ஸ்பானர் சத்தத்துக்கு நடுவே வளையல் சத்தம் கேட்கும். ஓடிப் போய்ப் பார்த்தால் அவர் மட்டும் இருப்பார். கூடவே ஒரு நெடி. வயலுக்கு அடிக்கிற பூச்சி மருந்து நெடி.

ஒருவழியாக வண்டி ஓடத் தயாரானது. மறுநாள் கல்லணை வரை ஓட்டிப் பார்ப்பதாகச் சொன்னார்.

"முன்னாடி யாரு?" என்றேன்.

"விவசாயச் சங்கத்து ரெத்தினம் வர்றான். நீ பின்னாடி உக்காரு."

எனக்குள் எதுவோ அறுந்துபோனது.

மறுநாள் சாயங்காலம் ஐந்தரை இருக்கும். அவர் ஆற்றுக்குக் குளிக்கப் போயிருந்தார். நான் தலை வாரி, பூ வைத்துக்கொண்டு, முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். யார் வந்தாலும் எழுந்திருக்கப் போவதில்லை என்று.

கதவு தானாகச் சாத்திக்கொண்டது. டப்...

அவர் வந்தார். பின்னால் ரெத்தினம்.

"இறங்கு அம்சம்."

"இறங்க மாட்டேன். அவ உக்காந்த எடத்துல நான்தான் உக்காருவேன்."

என் வாய்தான் பேசியது. குரல் என்னுடையதில்லை. வயதான குரல்.

நெடி ஏறியது. தொண்டை எரிந்தது. இறங்கிவிடலாம் என்று கதவைத் தள்ளினேன்.

அசையவில்லை.

வெளியே அவர் இழுத்தார். ரெத்தினமும் இழுத்தார்.

அசையவில்லை...

கண்ணாடியைத் தட்டினேன். டொக்... டொக்...

என் கைக்குப் பக்கத்தில் இன்னொரு கை தட்டியது.

சின்னக் கை.

அவர் ஸ்பானரால் கண்ணாடியை உடைத்தது மட்டும் நினைவிருக்கிறது.

ஒரு வாரம் காய்ச்சலில் கிடந்தேன். மிராசுதாரிடம் வண்டி ஓட்டிய காத்தான் பெரியப்பா என்னைப் பார்க்க வந்தார். நடந்ததைக் கேட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

"ஐயா சம்சாரம் பெரியம்மாவ அந்தக் கார்ல முன்னாடி உக்கார விட்டதே இல்லம்மா. சட்டம் வந்ததும், திருவையாத்துல வச்சிருந்தவ பேருக்கு ஐயா நெலத்த எழுதக் கெளம்புனாரு. முன்சீட்டு அவளுக்குத்தான். அன்னிக்குப் பெரியம்மா பூச்சி மருந்தக் குடிச்சிட்டு அதுல ஏறி உக்காந்துக்கிட்டாங்க. இறங்க மாட்டேன்னாங்க. அப்பறம் நெஞ்சு எரியவும் கண்ணாடியத் தட்டுனாங்க. ஐயா கதவ வெளியிலேருந்து பூட்டி, சாவிய மடியில முடிஞ்சுக்கிட்டு சாப்பிடப் போயிட்டாரு."

நான் என் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தேன். "நீங்க அன்னிக்கு அந்தக் கதவப் பூட்டியா வச்சிருந்தீங்க?"

அவர் முகம் வெளுத்திருந்தது.

"அந்தக் கதவுக்குப் பூட்டே இல்ல அம்சம். துருப்புடிச்சதுன்னு கழட்டிப் போட்டுட்டேன். சாத்துனாகூட நிக்காது. ரெத்தினம் கையால புடிச்சுக்கிட்டு வர்றேன்னான். ஓடுறப்ப நீ விழுந்துடுவியேன்னுதான் உன்னப் பின்னாடி உக்காரச் சொன்னேன்..."