பொட்டு முதலா, கிரீம் முதலா?

குழந்தையின் கன்னத்தில் முதலில் கறுப்புப் பொட்டு வைப்பதா, வெயில் கிரீம் பூசுவதா? மொன்றியலில் இருந்து இவ்வளவு தூரம் காரில் வந்தும் எனக்கு இதற்கு விடை தெரியவில்லை.

நேற்று மலைப் பூங்காவில் கம்பளித் தொப்பிக்குள் மகளின் முகமே தெரியவில்லை, பிரச்சினையும் இல்லை. இன்று நடக்கப்போவது பாலைவனப் பூங்காவில். கார்க் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு போராடுகிறேன். கிரீமுக்கு மேல் வைத்த பொட்டு வழுக்கி வாய்க்கு வருகிறது. துடைத்துவிட்டு, பொட்டுக்கு மேல் கிரீம் பூசுகிறேன். கன்னம் முழுக்கக் கரி.

பூங்காக் காவலர், ஒரு பெண், எட்டிப் பார்த்து ஆங்கிலத்தில் கேட்கிறார்: "இங்கே நெருப்பு மூட்டக் கூடாது, தெரியும்தானே?"

பிள்ளைக்குக் கண்ணூறு படாமல் இருக்கத்தான் இந்தப் பொட்டு என்று விளக்குகிறேன். அவர் சிரிக்கிறார். "நல்லது. ஆனால் இப்போதே நடக்கத் தொடங்குங்கள். வெயில் ஏறினால் குழந்தையோடு போக விடமாட்டேன்."

"இஞ்சரும், உள்ளங்காலிலை வையுமன். அங்கை கிரீம் தேவையில்லை," என்கிறார் கணவர்.

வைக்கிறேன். காலுறையும் சப்பாத்தும் போட்டு, மகளை அவர் முதுகில் மாட்டியிருக்கும் பிள்ளை தூக்கும் பையில் இருத்துகிறேன்.

"எவ்வளவு அழகான பிள்ளை!" என்கிறார் காவலர்.

எனக்குப் பக்கென்கிறது.

சிவந்த பாறைகளுக்கு நடுவே நடக்கிறோம். நான் பாறைகளைப் பார்க்கவில்லை, முன்னால் ஆடிக்கொண்டு போகும் அந்தச் சின்னச் சப்பாத்தையே பார்க்கிறேன். சப்பாத்துக்குள் இருக்கும் பொட்டு கண்ணூறைத் தடுக்குமா? அல்லது ஒன்றையாவது கழற்றிவிடட்டுமா? அனுபவமுள்ள தாய்மார் தயவுசெய்து எழுதுங்கள். "பேசாமல் நடவும்" என்ற ஆலோசனை ஏற்கெனவே கிடைத்துவிட்டது.