புதுக்கோட்டை மேட்டில் எங்கள் கரி பஸ்

உலகச் சண்டைக் காலத்தில் பெட்ரோல் கிடைக்காததால்தான் நானும் என் மனைவியின் அண்ணனும் முதலாளிகள் ஆனோம். பெரிய கம்பெனிகள் ஷெட்டைப் பூட்டியபோது, பழைய பஸ் இரண்டை வாங்கி, பின்னால் கரிவாயுவில் என்ஜினை ஓட்டும் அடுப்பைப் பொருத்தி, தூத்துக்குடிக்கும் திருநெல்வேலிக்கும் விட்டோம். மச்சான் டிரைவர், நான் கண்டக்டர். உடைமரக் கரி மலிவு, டிக்கெட்டும் மலிவு. வேறு யாரும் ஏற்றாத கருவாட்டுக் கூடையை நாங்கள் ஏற்றினோம். கூட்டம் கூரை வரை இருந்தது.

ஒரே குறை, தூத்துக்குடியைத் தாண்டியதும் வரும் புதுக்கோட்டைப் பாலத்து மேடு. அங்கே வண்டிக்கு மூச்சு முட்டும். நான் நீளமாக ஒரு விசில் கொடுப்பேன். அத்தனை பேரும் இறங்கித் தள்ளுவார்கள். போகப் போக விசிலே தேவைப்படவில்லை.

சண்டை முடிந்து பெட்ரோல் வந்ததும் சலவைச் சட்டைக்காரர்களெல்லாம் பெரிய கம்பெனி பஸ்ஸுக்கு மாறிவிட்டார்கள். எங்களுக்குக் கருவாட்டுக்காரிகளும் உப்பளத்து ஆட்களும் மிஞ்சினார்கள். ஒரு பஸ்ஸைக் கழற்றி மற்றதற்குப் போட்டோம். அந்த ஒன்றுக்கும் பெர்மிட் புதுப்பிக்க வேண்டும். யாரும் தள்ளாமல் திருநெல்வேலி போய்ச் சேருகிறதா என்று பிரேக் இன்ஸ்பெக்டரே ஏறிப் பார்க்க வந்தார்.

அன்று பொறுக்கியெடுத்த கரி. வண்டி மேட்டில் ராஜா மாதிரி ஏறியது. பதறியதெல்லாம் நான்தான். இன்ஸ்பெக்டருக்கே டிக்கெட் கிழித்து நீட்டினேன். அந்த நேரம் பார்த்துக் குறுக்கே ஓர் ஆட்டுக்குட்டி. மச்சான் பிரேக்கை மிதித்தார். அவ்வளவுதான், பின்னால் இருந்த அத்தனை பேரும் தள்ளுவதற்குக் குதித்துவிட்டார்கள்.

“ஏறுங்க, ஏறுங்க!” என்று கத்தினேன். வாயில் விசில் இருந்தது. என் ஆயுளில் அவ்வளவு நீளமாக ஊதியதில்லை.

கருவாட்டுக்காரி ஒருத்தி முன்சீட்டில் இருந்த இன்ஸ்பெக்டரை எட்டிப் பார்த்தாள். “நீரு மட்டும் என்ன மாப்பிள்ளையா? இறங்கித் தள்ளும்வே!”

இன்ஸ்பெக்டர் இறங்கினார், தள்ள அல்ல. “இது பஸ்ஸா, தேரா?” என்றார். என்ஜின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அதை அவரிடம் சொல்லத்தான் செய்தேன். அதுவும் விசிலாகவே போயிற்று.

பெர்மிட் வரவில்லை. பஸ்ஸை இழுத்துப்போகப் பழைய இரும்புக்காரர் லாரியோடு வந்த அன்று, அதே பெண்கள் கூடைகளோடு ஸ்டாண்டில் நின்றார்கள். பெரிய கம்பெனி பஸ் கூடைகளைக் கண்டதும் நிற்காமல் போயிற்று. முன்பு இன்ஸ்பெக்டரை இறங்கச் சொன்னவள் என்னிடம் வந்தாள்.

“அண்ணாச்சி, அன்னைக்கு இன்னும் கொஞ்சம் வேகமாத் தள்ளியிருந்தா பெர்மிட்டு குடுத்திருப்பானோ?”

 

லாரி கயிறு கட்டி இழுத்தது. சக்கரம் மணலில் பதிந்து பஸ் அசையவில்லை. பெண்கள் கூடைகளை இறக்கி வைத்துவிட்டுப் பின்பக்கம் போனார்கள்.