தளர்த்திக் கட்டிய அரைஞாண் கயிறு

செல்லூரில் எங்கள் பக்கத்து வீட்டுப் பேச்சியக்காவின் மகனும் என் மகனும் ஒரே மாதத்தில் பிறந்தவர்கள். அவன் வயிறு பருக்கப் பருக்க, அக்கா அவனுடைய அரைஞாண் கயிற்றைத் தளர்த்திக் கட்டுவார். என் பிள்ளைக்கோ கயிறு இடுப்பில் நிற்காமல் நழுவும். படித்தவள்தான் நான், இருந்தும் பார்த்துப் பார்த்துப் புழுங்கினேன். பிள்ளை தலையைத் திருப்பத் திருப்ப, பாலாடையில் கஞ்சியைப் புகட்டினேன்.

ஒரு காலையில் அவனுக்குப் புரையேறிக் கண் செருகிவிட்டது. என் அலறல் கேட்டு ஓடிவந்த அக்கா, அவனைக் குப்புறப் போட்டு முதுகில் தட்டினார். வீறிட்டு அழுதான். எனக்கு உயிர் வந்தது.

"ஏத்தா, வேண்டாங்குற பிள்ளைக்கு இம்புட்டையுமா ஊத்துவ?"

"உங்க மகன் மாதிரி வரணும்னுதான்க்கா."

அக்கா பிள்ளையை என் மடியில் போட்டார். "அவனுக்கு ஈரல் வீங்கியிருக்குன்னு மிஷன் ஆஸ்பத்திரி வெள்ளைக்கார டாக்டரம்மா சொல்லிருச்சு தாயி. எப்ப வத்தும்னு நானே கயித்தத் தொட்டுத் தொட்டுப் பாக்குறேன்."

அந்த வீக்கத்தைத்தான் என் பிள்ளைக்கும் கொடு என்று தினமும் மீனாட்சியிடம் வேண்டிக்கொண்டிருந்தேன். அதை அக்காவிடம் சொல்ல இன்றுவரை வாய் வரவில்லை.

இப்போது அவர் மகனின் வயிறு வற்ற வேண்டும் என்றே வேண்டுகிறேன். என் பிள்ளையின் கயிறு நழுவினால், மேலே ஏற்றிவிட்டு வேலையைப் பார்க்கிறேன்.