தங்கையின் பின்னால் ஒரு ‘ஸ்’

இரண்டாயிரத்துக்குப் பின் சில ஆண்டுகள் திருத்தங்கலில் ஓர் அச்சகத்தில் புரூஃப் பார்க்கும் வேலையில் இருந்தேன். தென்னமெரிக்காவிலிருந்து பள்ளிப் பிள்ளைகளுக்கான பயிற்சிப் புத்தகம் அச்சடிக்க ஆர்டர் வந்தது. முழுக்க ஸ்பானிஷ். எழுத்தை மட்டும் ஒப்பிட்டால் போதாது, கொஞ்சமாவது அர்த்தம் தெரிய வேண்டும் என்று முதலாளி மதுரையிலிருந்து ஒரு வாத்தியாரை வரவழைத்தார். சனிக்கிழமை மத்தியானம், மாடியில் காகிதக் கட்டுகளுக்கு நடுவே, இரண்டு பேர் படித்தோம். மற்றவள் என்னோடு புரூஃப் பார்த்த ஆமத்தூர்ப் பெண். என்னைவிடச் சின்னவள், அக்கா என்று கூப்பிடுவாள்.

குடும்பப் பாடம் வந்தது. ‘மி மாத்ரே’ என்றால் என் அம்மா. நான் ‘நுவெஸ்த்ரா மாத்ரே’, எங்கள் அம்மா, என்று எழுதியிருந்தேன்.

“நீங்க ஒருத்தர்தானே பேசுறீங்க? மி போதும்,” என்றார் வாத்தியார்.

“எங்க பக்கம் ஒத்தப் பிள்ளையும் எங்க அம்மான்னுதான் சார் சொல்லும்.”

அவர் சிரித்துவிட்டு அடுத்ததற்குப் போனார். ‘சு’ என்ற சொல் அவனுடைய, அவளுடைய, அவர்களுடைய, மரியாதையாக உங்களுடைய, எல்லாவற்றுக்கும் பொது. யாருடைய என்பது பேச்சில்தான் விளங்கும். ஆனால் உறவு ஒருவரா பலரா என்பது சொல்லிலேயே தெரிந்துவிடும். ‘சு எர்மானா’, அவளுடைய சகோதரி. ‘சுஸ் எர்மானாஸ்’, சகோதரிகள்.

அடுத்தவர் குடும்பத்தைப் பற்றி நாலு வரி எழுதச் சொன்னார். அவள் என்னைப் பற்றி எழுதியதில், ‘சுஸ் எர்மானாஸ்’ என்று இருந்தது. எனக்கு ஒரு தங்கைதான் என்று வாத்தியாருக்குத் தெரியும். இரண்டு ‘ஸ்’ஸையும் சிவப்பு மையால் சுழித்தார்.

“தப்பில்லையே சார். அக்காவுக்கு ரெண்டு தங்கச்சி,” என்றாள் அவள்.

“எனக்கு ஒருத்திதான்.”

“போன மாசம் உங்க வீட்டுக்கு வந்தேம்லக்கா. உங்க தங்கச்சி காப்பி கொண்டாந்தாகள்ல, அவுகளுக்குப் பின்னாடி அடுப்படி வாசல்ல இன்னொருத்தவுக நின்னாக. தலைக்குக் குளிச்சிருந்தாக. உங்க சாடைதான். உங்களைவிட ரெண்டு விரக்கட குட்டை.”

அவள் வந்த அன்று வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான் இருந்தோம். அம்மா, நான், தங்கை. அம்மா அந்த நேரம் முன்னறையில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்து வீட்டுப் பெண்ணாக இருக்கும் என்று சொல்லிப் பேச்சை முடித்தேன். எங்களுக்குப் பக்கத்து வீடு பூட்டிக் கிடந்தது.

சாயங்காலம் வீட்டுக்குப் போனதும், வேடிக்கை போலத்தான் அம்மாவிடம் சொன்னேன். அம்மா உளுந்து களைந்துகொண்டிருந்தாள். கை தண்ணீருக்குள்ளேயே நின்றது.

“எம்புட்டு உயரம்னு சொன்னா?” என்று கேட்டாள்.

யாரும்மா என்று நான் இரண்டு முறை கேட்ட பிறகுதான் சொன்னாள். எனக்கும் தங்கைக்கும் நடுவில் ஒருத்தி பிறந்திருந்தாள். பதினோரு மாதத்தில் சாத்தூர் ஆஸ்பத்திரியில் காய்ச்சலில் போய்விட்டாள். எனக்கு அப்போது மூன்று வயது. வீட்டில் அதைப் பற்றிப் பேசக் கூடாது என்று அப்பா சொல்லிவிட்டாராம். அப்பா இறந்த பின்னும் அம்மா பேசவில்லை.

“நல்லா இருந்தாளாமா? மெலிஞ்சு கிலிஞ்சு இல்லையே?”

“அம்மா, அவ யாரையோ பாத்துட்டுச் சொல்றா.”

“அடுப்படிப் பக்கம் சத்தம் கேக்கும். நான்தான் திரும்பிப் பாக்கவே மாட்டேன்,” என்றாள் அம்மா.

அடுப்படிக்குத் தனியாகப் போக என் தங்கைக்குப் பயமில்லை, அவளிடம் யாரும் சொல்லவில்லை. அன்றிலிருந்து எனக்குத்தான் முதுகு கூசும். ஆமத்தூர்ப் பெண்ணை மறுபடி வீட்டுக்குக் கூப்பிடவில்லை. அவளும் கேட்கவில்லை. தை மாதம் கல்யாணமாகித் திருப்பூர் போய்விட்டாள்.

அதற்கு முன்பே தீபாவளி வந்திருந்தது. சிவகாசியில் அம்மா மூன்று சுடிதார்த் துணி எடுத்தாள். தனக்கு எடுக்கவில்லை. தையல்காரர் எங்கள் இரண்டு பேருக்கும் அளவெடுத்துவிட்டு, “மூணாவது ஆள எப்ப அனுப்புவீக?” என்றார்.

“அவ வரமாட்டா. பெரியவ அளவையே வச்சு, நீளத்துல மட்டும் ரெண்டு விரக்கட குறைச்சிருங்க.”

தங்கை யாருக்கு என்று கேட்டாள். அம்மா மூன்றாவது துணியைத் தையல்காரரிடம் நீட்டினாள். தையல்காரர் டேப்பை உதறிக்கொண்டு மறுபடி என்னிடம் வந்தார். நான் கைகளை விரித்துக்கொண்டு நின்றேன்.